ஐந்தாவது பெட்டியிலிருந்து வந்த பதில்

நவம்பர் 10, திங்கள்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். நீங்களே அக்காவாக இருந்தால் – அக்கா, உன் காலில் விழுகிறேன், இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள். உன் பச்சைச் சட்டையில் மை கொட்டியது நான்தான். அதை ஒப்புக்கொண்டதற்காகவாவது நிறுத்து.

துணி துவைக்கும் மெஷின் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெஷின்தான் மேசை. இந்த வீட்டில் கதவைத் தட்டுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. அக்கா தோளால் இடித்துத் திறப்பாள். அம்மா கூடத்திலிருந்தே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அந்தச் சத்தத்தில் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் சீருடைக்கு இஸ்திரி போடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டி சூடாகத்தான் இருக்கிறது. பொய்யை ஒழுங்காகச் செய்ய வேண்டும் இல்லையா.

பொய். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது அம்மா. போன மாதம் ஸ்டூலில் ஏறி கேபிள் மாட்டும்போது விழுந்து இடது காலில் கட்டு. இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதியிலிருந்து அரைப் பரீட்சை முழுவதும் முதல் தடவையாகக் கம்ப்யூட்டரில் நடக்கப் போகிறது. வினாத்தாள் எல்லாம் நூலகத்தில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். மற்ற அறைகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதை எடுக்க வேண்டும். அதற்கு நடுவில் ஐந்து ரவுட்டர் பெட்டிகள். ஒன்று கம்ப்யூட்டர் அறையில், இரண்டு நூலகத்தில், மூன்று அலுவலகத்தில், நான்கு ஆசிரியர் அறையில். ஐந்தாவது விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம், பழைய கட்டடத்தின் சாமான் அறையில், பீரோவுக்கு மேலே. அந்த பீரோவுக்குப் பக்கத்தில் உயிரியல் எலும்புக்கூடு நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். பிங் என்று ஒரு கட்டளை. ஒரு பெட்டி இன்னொன்றைக் கூப்பிட்டு, "இருக்கியா?" என்று கேட்கும். அது, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நொடிக்கு ஒரு தடவையாக நான்கு தடவை கேட்கும். பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று திரையில் விழும். நேரத்துக்குள் வராவிட்டால் தொலைந்த கணக்கில் சேர்த்துவிடும்.

அம்மா சொன்னது இதுதான்: "முதல் பெட்டியிலேர்ந்து எல்லாத்தையும் கேளு. அப்புறம் பழைய கட்டடத்துக்கு நேர்ல போயி, லேப்டாப்பை அஞ்சாவதுல மாட்டி, அங்கேர்ந்து எல்லாத்தையும் கேளு. ரெண்டே வரிசை. நேர்ல போகணும், புரிஞ்சுதா?"

புரிந்தது. நேரில்தான் போகவில்லை.

ஏழாம் தேதி சாயங்காலம் முதல் வரிசையை ஒழுங்காக முடித்தேன். எல்லாம் பதில் சொன்னது. ஐந்தாவது மட்டும் தூரத்தில் இருப்பதால் ஏழு மில்லி செகண்ட். பிறகு மைதானத்து வழியாகப் பழைய கட்டடத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்குள் அது நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தபடியே ஐந்தாவது பெட்டிக்குள் நுழைய ஒரு வழி உண்டு. அம்மா செய்து பார்த்திருக்கிறேன். அப்படி நுழைந்து ஐந்திலிருந்து எல்லோரையும் கேட்டேன். எல்லாமே டாண் டாண் என்று பதில் சொன்னது. எழுதினேன். அந்தத் தாளில் அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்றாள்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா கேட்டாள்: "ஏம்மா, இவ என்னமோ பெட்டி டாக்டர் மாதிரி அலையுறாளே, அப்படி என்ன பார்க்கிறா?"

அம்மா சொன்னாள்: "இங்கேர்ந்து அங்க கேட்டாலும், அங்கேர்ந்து இங்க கேட்டாலும் அதே தூரம்தானே. அதே நேரம்தான் ஆகும். ஆகலைன்னா ஏதோ கோளாறு."

வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏழு. ஐந்திலிருந்து ஒன்றுக்கு நான் எழுதியிருப்பது: ஒன்றுக்கும் குறைவு.

நான் ஐந்தாவது பெட்டிக்குள் நுழையவே இல்லை. நுழைய முடியவில்லை என்று ஒரு வரி வந்திருக்கும், படிக்காமல் தாண்டியிருப்பேன். எந்தப் பெட்டிக்குள் இருக்கிறோம் என்று திரை ஓரத்தில் பெயர் வரும்தான். ஆனால் எங்கள் ஐந்துக்கும் ஒரே பெயர், கடையிலிருந்து வந்தபோது இருந்த பெயர். "ஞாயித்துக்கெழமை மாத்துறேன்" என்று அம்மா இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். ஆக, நான் முதல் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு முதல் பெட்டியை, "இருக்கியா?" என்று கேட்டிருக்கிறேன். அதுவும், "இருக்கேன்" என்றிருக்கிறது. பின்னே இல்லை என்றா சொல்லும்?

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 11, செவ்வாய்

சொல்லவில்லை. காலை வணக்கத்தில் தலைமையாசிரியை மேடம் என் தாளை உயர்த்திக் காட்டி, "தாய் எட்டடி, மகள் பதினாறடி!" என்கிற அளவுக்குப் புகழ்ந்து, கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவருடைய கைப்பையில்.

நவம்பர் 12, புதன்

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. ஐந்தாவது பெட்டி நன்றாகத்தான் இருக்கும். அது நன்றாக இருந்துவிட்டால் என் தாளில் இருப்பது பொய்யே இல்லை, கொஞ்சம் முன்கூட்டிய உண்மை.

பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், நான்கோடு நிற்காமல் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும்படி கட்டளை கொடுத்தேன். இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். ஏழு, ஏழு, எட்டு, ஏழு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

நாலு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்குப் பதில் நின்றது.

இருக்கியா? இல்லை. இருக்கியா? இல்லை. திரை முழுக்க அதே வரி. ஐந்து இருபத்திரண்டுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும்: ஏழு, எட்டு, ஏழு.

ஏழாம் தேதி நான் உள்ளே நுழையப் பார்த்தது ஏறக்குறைய நாலே முக்காலுக்கு.

நவம்பர் 13, வியாழன்

இன்றும் அதே. 4.40க்குப் போய் 5.19க்கு வந்தது. கோளாறென்றால் கண்ட நேரத்தில் வரும், போகும். இது டியூஷனுக்குப் போய்வருகிற மாதிரி போய்வருகிறது.

கேட் பக்கத்தில் வாட்ச்மேன் அண்ணாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணா, சாயங்காலத்துல பழைய கட்டடத்துக்கு யாராவது போறாங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "பாப்பா, யாருகிட்டயும் சொல்லாத. அங்க ஒரு பொம்பளைக் குரல் கேக்குது."

"என்ன சொல்லுது?"

"'எங்க போன? இப்பத்தானே இங்க இருந்தே?' அப்படின்னு கேக்குது. அப்புறம் அழுவுற மாதிரி பெருமூச்சு. நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம். பயம்னா என்னன்னே தெரியாது. ஆனா அந்தப் பக்கத்துக்கு என் டார்ச் வெளிச்சம்தான் போகும், நான் போக மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என்னடி எலி, முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள். பரீட்சை பயம் என்றேன். "நீயா? பரீட்சைக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். நம்பவில்லை. இந்த நோட்டை மெஷினுக்குப் பின்னாலிருந்து எடுத்து, பழைய பூகோள அட்டை போட்டு, கந்தல் துணி மூட்டைக்குள் வைக்கப் போகிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

போகலாம் என்று மைதானத்தின் பாதி வரை போனேன். பிறகு போகவில்லை.

நவம்பர் 15, சனி

மேடம் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால்.

"நிர்வாகத்துல வெளி கம்பெனிகிட்ட லேபை ஒப்படைச்சிடலாம்னு பேசுறாங்கம்மா. நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேன். இருபத்தொண்ணு மட்டும் சரியா நடந்துட்டா வாயை மூடிடுவாங்க. நடக்கலைன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க பொண்ணு தாளைத்தான் எல்லாருக்கும் காட்டிட்டிருக்கேன்."

"அவ பார்த்தா சரியா இருக்கும் மேடம்" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி பழைய கட்டடத்தில் நூற்றுப்பதினெட்டுப் பேர் உட்காரப் போகிறார்கள். ஒருத்தருக்கும் வினாத்தாள் வராது. மேடம் என் தாளைப் பார்ப்பார். அம்மாவின் கையெழுத்தைப் பார்ப்பார். வேலை போய்விடும். என்னால. ஒரு எலும்புக்கூட்டுக்குப் பயந்துகிட்டு. அது ப்ளாஸ்டிக்னு எனக்கே தெரியும்! அதோட முதுகுல விலை ஒட்டினது கூட இன்னும் பிய்க்கல!

திங்கட்கிழமை போகிறேன். செத்தாலும் சரி.

நவம்பர் 17, திங்கள்

சாகவில்லை. ஆனால் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலே முக்காலுக்குப் போனேன். சாமான் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரு குரல்: "எங்கடி போன? இப்பத்தானே இந்த மூலைல இருந்தே?"

ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளிவிட்டேன். எலும்புக்கூடு எனக்கு நேர் எதிரே நின்றது. அதன் தோளில் ஒரு கைப்பை தொங்கியது.

நான் கத்தினேன். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைமையாசிரியை மேடம் எழுந்து என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். எலும்புக்கூடு மட்டும்தான் நிதானமாக இருந்தது.

மேசை மேல் மேடத்தின் லேப்டாப். பக்கத்தில் ஒரு தாளில், எந்த எழுத்து எந்தப் பொத்தானில் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். திரையில் அம்புக்குறியைக் காணோம். அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். "உட்காரு." எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் நாற்காலி. உட்கார்ந்தேன்.

"இருபத்தொண்ணாந்தேதி நிர்வாகத்து ஆளுங்க முன்னால, பெரிய திரைல, நான்தான் பாஸ்வேர்டு அடிச்சுப் பரீட்சையைத் திறந்து வைக்கணும். எனக்குக் கம்ப்யூட்டர் தண்ணிபட்ட பாடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். என் ரூம்ல பழகினா ஆபீஸ் முழுக்கப் பார்க்கும். வீட்டுல என் பையனே சிரிப்பான். அதான் ரெண்டு வாரமா இங்க வர்றேன்."

பிறகு திடீரென்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் தலைமையாசிரியை ஆனார். "அது இருக்கட்டும். உன் தாள்ல அஞ்சாவது பெட்டி பிரமாதமா இருக்குன்னு எழுதியிருக்கே. நானும் தினம் பார்க்கிறேன். இங்க ஒரு நாளாவது இன்டர்நெட் வந்திருக்கா? என்ன சோதனை பண்ணே நீ?"

நான் பீரோவுக்கு மேலே பார்த்தேன். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் வயர் கீழே வந்து அந்தரத்தில் தொங்கியது. சுவரில் ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டு. அதில் மேடத்தின் சார்ஜர். போர்டுக்கு மேலே அம்மாவின் கையெழுத்தில் ஒட்டிய தாள்: இந்த ப்ளக்கைப் பிடுங்காதீர்கள்.

"மேடம்... அந்தப் பெட்டியோட ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் நீங்க உங்க சார்ஜரைப் போட்டிருக்கீங்க. இன்டர்நெட் அந்தப் பெட்டிலேர்ந்துதான் வரும்."

மேடம் பெட்டியைப் பார்த்தார். ப்ளக்கைப் பார்த்தார். எலும்புக்கூட்டைக்கூட ஒரு தடவை பார்த்தார், அது ஏன் சொல்லவில்லை என்பது போல.

"பிடுங்காதீங்கன்னு போட்டிருக்குதான். ஆனா நான் தினமும் திருப்பிப் போட்டுட்டுத்தானே போறேன்?" என்றார், சின்னக் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கும் அடக்க முடியவில்லை. என் தாள் பொய் என்று நானும் சொல்லிவிட்டேன். கடைசியில் மேடம், "நீ என்னை இங்க பார்க்கல. நான் உன் தாளைப் படிக்கல. இனிமே ப்ளக்கைத் தொட மாட்டேன். பிரச்சினை தீர்ந்துச்சு இல்ல?" என்றார்.

தீர்ந்தது! தீர்ந்தேவிட்டது! இன்று நிஜமாகவே இஸ்திரி போட்டேன். அக்காவின் துணிக்கும் சேர்த்து.

நவம்பர் 18, செவ்வாய்

தீரவில்லை.

ஒழுங்காக இருந்துவிடலாமே என்று இன்று போனேன். நேரில், அம்மா சொன்ன மாதிரியே. பயமாக இல்லை, கொஞ்சம்தான் இருந்தது. மேடம் தன் லேப்டாப்பை வீட்டிலேயே சார்ஜ் செய்து கொண்டுவந்திருந்தார். அவர் ஒரு மூலையில் பாஸ்வேர்டு அடித்துப் பழக, நான் என் லேப்டாப்பை ஐந்தாவது பெட்டியில் மாட்டி, இரண்டாம் வரிசையை முதல் தடவையாகச் செய்தேன்.

ஐந்திலிருந்து ஒன்றுக்கு: ஏழு. போகிறதும் ஏழு, வருகிறதும் ஏழு. எவ்வளவு நியாயமான எண்!

மூன்றுக்கு: எட்டு. நான்குக்கு: எட்டு.

இரண்டுக்கு: பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

நான்கில் நான்கும் தொலைந்தது. மறுபடி கேட்டேன். நான்கில் நான்கு. கம்ப்யூட்டர் அறைக்கு ஓடி, ஒன்றிலிருந்து இரண்டைக் கேட்டேன். ஒரு மில்லி செகண்டில், "இருக்கேன்" என்கிறது. ஓடி வந்து ஐந்திலிருந்து கேட்டால் வாயே திறக்கவில்லை. வீட்டில் அக்கா அம்மாவிடம் மட்டும் பேசி என்னிடம் பேசாமல் இருப்பாளே, அந்த மாதிரி.

இரண்டு என்பது நூலகம். வினாத்தாள் இருக்கிற இடம்.

மேடம், "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். "உனக்குச் சரி பண்ணத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"யாருக்குத் தெரியும்?"

இரண்டு பேருக்குமே பதில் தெரியும். கடைசியில் மேடம் எலும்புக்கூட்டின் தோளிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, "நீ சொன்னா, இந்த அறைக்கு எப்படி வந்தேன்னும் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். பிறகு, "சொல்லிடு" என்றார்.

மணி பதினொன்று. அம்மா தூங்கிவிட்டாள். தூங்கட்டும், இன்று ஒரு ராத்திரி.

நவம்பர் 19, புதன்

காலை ஆறு மணி. அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஏழாந்தேதி நான் பழைய கட்டடத்துக்குப் போகவே இல்ல."

சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எலும்புக்கூடு, ஒன்றுக்கும் குறைவு, ப்ளக், மேடம், அம்புக்குறி, நேற்றைய நான்கில் நான்கு. அம்மா கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. டாக்டர் மாதிரி கேட்டாள்.

"அஞ்சுலேர்ந்து ரெண்டுக்கு மட்டும்தான் போகலையா?"

"ஆமாம்மா."

"ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குப் போகுது?"

"போகுது."

அம்மா கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தரையில் இறக்கினாள். "என் செருப்பை எடு. ஒண்ணு போதும்."

ஆட்டோ பிடித்துப் போனோம். மேடம் கேட்டிலேயே நின்றிருந்தார். பழைய கட்டடம் வரை அம்மாவால் நடக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டர் அறையின் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தலைமையாசிரியை மேடம் பின்னாலிருந்து தள்ள, நான் லேப்டாப்போடு முன்னால் ஓட, வாட்ச்மேன் அண்ணா டார்ச்சோடு வந்தார். காலை ஏழு மணி, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, டார்ச். மைதானத்தில் கால்பந்துப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"அண்ணா, அந்தக் குரல் மேடம்தான்" என்று காதில் சொன்னேன்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும் பாப்பா" என்றார். டார்ச்சை அணைக்கவில்லை.

அம்மா ஐந்தாவது பெட்டியில் வேறொரு கட்டளை கொடுத்தாள். அது வழியைக் காட்டும், எந்தெந்தப் பெட்டியில் ஏறி இறங்கிப் போகிறது என்று. முதல் வரியில் ஐந்து. இரண்டாம் வரியில் ஒன்று. மூன்றாம் வரியில், பதில் வராவிட்டால் விழும் வெறும் நட்சத்திரங்கள். நான்காவதிலும் நட்சத்திரங்கள்.

"நூலகத்துப் பெட்டிக்கு இங்கேர்ந்து கேக்குறது காதுல விழுது" என்றாள் அம்மா. "பதிலும் சொல்லத்தான் பார்க்குது. ஆனா பழைய கட்டடத்துக்கு எந்தப் பக்கம் அனுப்பணும்னு அதுக்குத் தெரியல. திரும்பி வர்ற வழியை நான்தான் அதுல எழுதணும். மே மாசத்துல அந்தப் பெட்டியை மாத்தினப்போ, மீதியை ஞாயித்துக்கெழமை எழுதிக்கலாம்னு விட்டேன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அம்மா நாற்காலியைத் திருப்பி மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இது என் தப்பு மேடம். இவ பொய் எழுதாம இருந்தாலும் இந்தக் கோளாறு இருந்திருக்கும். ஏழாந்தேதியே தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

எப்படி அவ்வளவு சுலபமாக வருகிறது அம்மாவுக்கு! 'இது என் தப்பு.' மூன்று வார்த்தை. எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ப்ளக்கைப் பிடுங்கினது நான்" என்றார். வாட்ச்மேன் அண்ணா எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "எனக்கும் பயம்தான்" என்றார்.

நூலகத்துக்குப் போய் அம்மா ஒரே ஒரு வரி எழுதினாள். நான் பழைய கட்டடத்துக்கு ஓடினேன். தனியாக. ஐந்திலிருந்து இரண்டுக்கு: எட்டு. எட்டு. ஏழு. எட்டு. எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன். விரல் ஒன்று கழன்றுவிட்டது. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உன் தப்பு வேற. அதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

நவம்பர் 20, வியாழன்

அப்புறம் இன்னும் வரவில்லை.

அம்மா பேசத்தான் செய்கிறாள். தண்ணி எடு, லைட்டைப் போடு, ரெண்டு வரிசையையும் புதுத் தாள்ல எழுது. எழுதினேன். நான்கில் நான்கு தொலைந்ததை விட்டுவிட்டு, சரியான எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். "தப்பா வந்ததையும் எழுது. தேதி போட்டு" என்றாள். எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து, சத்தமாகப் படித்தாள். இந்தத் தடவை, "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்று சொல்லவில்லை.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்தோம், வியாழக்கிழமையாக இருந்தாலும். ஐந்தாவதற்கு நான் 'எலும்பு' என்று வைத்தேன். அம்மாவின் உதடு ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, கால் வலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த நோட்டைப் புரட்டும்போது பார்க்கிறேன், பதினாலாம் தேதிப் பக்கத்தில், 'பிறகு போகவில்லை' என்பதற்குக் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறது. அக்காவின் கோழிக் கிறுக்கல். "கூட வரியான்னு கேட்டிருந்தா வந்திருப்பேன்டி எலி. பச்சைச் சட்டைக்குத் தனியா கணக்கு இருக்கு."

அட துரோகி. எல்லாம் படித்திருக்கிறாள். படித்துவிட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூகோள அட்டை, கந்தல் மூட்டை எல்லாம் யாருக்காக?

நவம்பர் 21, வெள்ளி

நடந்தது. எல்லா அறையிலும், எல்லோருக்கும் வினாத்தாள் வந்தது. பழைய கட்டடத்தில் நூற்றுப்பதினெட்டுப் பேருக்கும். வந்துவிட்டதே என்று சில பேர் வருத்தப்பட்டார்கள், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

மேடம் நிர்வாகத்து ஆட்கள் முன்னால் பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்று பாஸ்வேர்டு அடித்தார். இரண்டே விரல். ஒவ்வொரு பொத்தானாக. அம்புக்குறி ஒரு தடவை காணாமல் போனது. மேடம் நேராக என்னைப் பார்த்து, மைக்கில், "எங்க போச்சு அது?" என்றார். "வலது பக்கம் கீழ, மேடம்" என்றேன். அரங்கமே சிரித்தது, மேடமும் சிரித்தார். திறந்துவிட்டது.

வெளி கம்பெனிக்காரர்களுக்கு வேண்டாம் என்று கடிதம் போகிறதாம். அம்மா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாமாம், சக்கர நாற்காலியோடு. அறிவிப்புப் பலகையில் பழைய தாளை எடுத்துவிட்டு மேடம் புதியதை வைத்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம், "நாலுல நாலு போச்சா?" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார்கள். அவமானமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய தாள் அங்கே இருந்தபோது அந்தப் பக்கமே நடக்க முடியவில்லை. இன்று நடந்தேன்.

அம்மாதான் இன்னும். சாப்பிடும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும் மேசைக்கு அடியில் என் காலை மிதித்து, "இஸ்திரி போடலையா இன்னிக்கு?" என்று கண்ணடித்தாள். வந்து உட்கார்ந்துவிட்டேன். இன்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கவில்லை.

அம்மா இனிமேல் என்னை எதற்கும் அனுப்பமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கூடத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்கிறது. படுக்கப் போகிறாள் போல. இல்லை, இந்தப் பக்கம் வருகிறது. நின்றுவிட்டது.

தட்டுகிற சத்தம்.

இந்த வீட்டில்!

ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இரண்டு. அதே இடைவெளி. மூன்று. நான்கு. அவ்வளவுதான். கூப்பிடவில்லை, திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நேரத்துக்குள் பதில் வருகிறதா என்று

இருக்கேம்மா, இருக்